கயலுக்கு எந்த ஊர் மிக்ஸர்?

1

அப்பாவின் நினைவு நாளுக்குச் சென்னையை ஒட்டிய திருநின்றவூர் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். ஊர் எப்படி இருந்தது என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். ஏரியைப் பற்றிச் சொல்லலாம், ரயில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது என்னவோ ஒரு சமையலறை மெஷின்தான். அதை எழுதி முடித்தால்தான் மற்றதெல்லாம் எழுத வரும் போலிருக்கிறது. சிரிக்காதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன் கேக் மாவு கலக்குகிற மெஷின் வாங்கப் போய் இப்படி மண்டை காய்ந்துபோவான் என்று எனக்கே தெரியாது.

நான் கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறேன். வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. மனைவி மல்லிகா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருக்கிறாள். ஒரே மகள் கயல். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த அலுவலகம் ஆட்களைக் குறைத்தபோது இவளும் வெளியே வந்தாள். "கொஞ்ச நாள் அத்தை வீட்ல இருந்துட்டு வரேன்" என்று கிளம்பினாள். அத்தை என்றால் திருநின்றவூரில் இருக்கிற என் அக்கா ராணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாமா போனபிறகு கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் தனியாக இருக்கிறாள்.

அந்தக் 'கொஞ்ச நாள்' ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. முதலில் பொழுது போகாமல்தான் அக்கா வீட்டில் கேக் செய்திருக்கிறாள். கீழ்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்காரரின் கல்யாண நாளுக்கு ஒன்று. இப்போது பட்டாபிராம், ஆவடி வரைக்கும் இவள் கேக் போகிறதாம். இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"அப்பா, தாத்தா நினைவு நாளுக்கு வரும்போது ஒரு ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கிகினு வரீங்களா? கையில பிடிக்கிற பீட்டர் சூடாயி சூடாயி நின்னுபோவுது. தோளெல்லாம் ஒரே வலிப்பா."

வாங்கிகினு! நின்னுபோவுது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்கு இவளைக் காரில் இழுத்துக்கொண்டு போனவன் நான். வழியெல்லாம் அழுவாள். அவளுக்குத் தமிழ் வராமல் போகுமே என்பதல்ல என் கவலை, எனக்கு வந்த தமிழ் அவளுக்கு வந்துவிடக் கூடாதே என்பதுதான். இந்த ஊருக்கு வந்த புதிதில் கோயில் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "இன்னா", "ஊடு", "கீது" எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி எடுத்துவிட்டுத்தான் இங்கே நான் ஆளானேன். நான் கழற்றிப் போட்டதை என் மகள் எடுத்து மாட்டிக்கொண்டு பேசுகிறாள். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா? ஒன்றும் புரியாமல் "சரிம்மா, பார்க்கறேன்" என்று போனை வைத்தேன்.

2

ஸ்டாண்ட் மிக்ஸர் என்றால் நீங்கள் சட்னி அரைக்கிற மிக்ஸி இல்லை. அடியில் ஒரு பெரிய பாத்திரம், மேலே குனிந்து பார்க்கிற மாதிரி ஒரு தலை, அந்தத் தலையிலிருந்து தொங்குகிற கம்பிக் கூடு. சுவிட்சைப் போட்டால் அதுவே நின்றுகொண்டு கலக்கும், கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கூட்டைக் கழற்றிவிட்டுக் கொக்கி ஒன்றை மாட்டினால் பிரெட் மாவும் பிசையும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் கடையில் போய்த்தான் தெரிந்தது.

மல்லிகாவிடம் சொன்னேன். சப்பாத்திக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அவ கேக்கறது மெஷின் இல்லைங்க. அங்கயே இருந்துடட்டுமான்னு கேக்கறா."

"சும்மா இரு. தோள் வலிக்குதுன்னுதானே சொன்னா."

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது. பொழுதுபோக்குக்கு யாராவது இவ்ளோ பெரிய மெஷின் வாங்குவாங்களா?"

எனக்குச் சுரீரென்றது. ஒரு வருடமாக நாங்கள் இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த பயம் அது. பெண் திரும்பி வரமாட்டாளோ என்கிற பயம். மல்லிகாவுக்கு அதில் ரோஷமும் உண்டு. அவளாக வரட்டும், நான் போய்க் கெஞ்சமாட்டேன் என்று இந்தப் பயணத்துக்கும் டிக்கெட் வேண்டாம் என்றுவிட்டாள். ஆனால் மெஷின் விஷயத்தில் மட்டும் திட்டம் கையோடு தயாராக இருந்தது.

"இங்கயே வாங்குங்க. சின்னதா வாங்குங்க. இந்த ஊர் கரண்ட்ல ஓடறதா வாங்குங்க."

"இங்க நூத்தி இருபது வோல்ட், அங்க இருநூத்தி முப்பது. நேரா செருகினா புகைஞ்சி போயிடும் மல்லிகா."

"டிரான்ஸ்பார்மர் ஒண்ணு வாங்கிக் கொடுங்க. அங்க இருக்கற வரைக்கும் அதை வச்சி ஓட்டட்டும். நாளைக்கு இங்க வந்தா நம்ம வீட்ல செருகிக்கலாம்ல?"

யோசித்துப் பாருங்கள். சென்னையில் மிக்ஸர் கிடைக்காதா? எல்லா அளவிலும் கிடைக்கும். அங்கே வாங்கினால் தூக்கிச் சுமக்க வேண்டாம், பழுதானால் பார்க்க ஆள் உண்டு. இது எனக்குத் தெரியாமலா? இருந்தும் அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான். இங்கிருந்து ஊருக்கு எதைத் தூக்கிக்கொண்டு போனாலும், அது ஊருக்குச் சரிப்படுமா என்று கடைசியாகத்தான் யோசிப்போம்.

கடைக்குப் போனேன். அடேயப்பா, ஒரு சுவர் முழுக்க மிக்ஸர். சிவப்பு, வெள்ளை, பிஸ்தா பச்சை, பெயர் சொல்லத் தெரியாத நிறமெல்லாம் வரிசையாக நின்றன. விற்பனைக்கு நின்ற பெண் அன்பாகத்தான் கேட்டாள். தலை சாய்கிற மாதிரி வேண்டுமா, பாத்திரம் ஏறி இறங்குகிற மாதிரி வேண்டுமா? ஒரு தடவைக்கு எவ்வளவு மாவு? அடிக்கடி செய்வது கேக்கா, பிரெட்டா? எத்தனை முட்டை?

திருதிருவென்று விழித்தேன். என் பெண் ஒரு நாளைக்கு எத்தனை முட்டை உடைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பிரெட் செய்வாளா என்று தெரியாது. அக்கா வீட்டுச் சமையலறை மேடைக்கு மேலே அலமாரி இருக்கிறதா என்பதுகூட நினைவில்லை. கடைசியில் நான் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நிறம் ஒன்றைத்தான். இளநீலம். சின்ன வயதில் கயலுக்கு நீலம் என்றால் உயிர். இப்போதும் பிடிக்குமா என்று கேட்கப் போனை எடுத்தேன், கேட்காமலே வைத்துவிட்டேன்.

3

கிளம்புவதற்கு முந்தைய வாரம் இன்னொரு கூத்து. கயலின் மருத்துவ அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் அந்த அட்டை இருந்தால்தான் ஆஸ்பத்திரி. வெளிநாட்டில் ரொம்ப நாள் இருந்துவிட்டால் அட்டை செல்லாமல் போகும் என்று மல்லிகா பிடுங்கி எடுத்ததால், அரை நாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்தில் போய் நின்றேன். சம்பந்தப்பட்டவர்தான் நேரில் வரவேண்டும் என்றார் கவுன்டரில் இருந்தவர். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். உங்கள் மகள் அங்கே சும்மா போயிருக்கிறாரா, அங்கேயே வசிக்கிறாரா?

இதில் என்ன பெரிய குழப்பம், ஏதோ ஒன்றைச் சொல்லிவிட வேண்டியதுதானே.  பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகுகிறார்கள். "அவள் அத்தை வீட்டில் இருக்கிறாள்" என்றேன். என்னுடைய இங்கிலீஷ் புரியவில்லையோ என்று நினைத்து, அவர் அதே கேள்வியை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகக் கேட்டார். "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மல்லிகாவிடம் அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

4

விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது. மெஷினை விட டிரான்ஸ்பார்மர் கனத்தது. பெட்டியைத் தரையில் பிரித்துப்போட்டு, அக்காவுக்கு வாங்கிய சாக்லேட்டு, சோப்பு, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் வழியனுப்ப வந்த மல்லிகாவின் கையில் திருப்பிக் கொடுத்தேன். திருநின்றவூர் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோவதுதான். சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னது சார் இது?"

"கேக் மாவு கலக்கற மெஷின்."

"இதையா அங்கேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க? பாரிமுனையில கிடைக்குமே!" என்று சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

அக்கா மாடிப்படியிலேயே காத்திருந்தாள். "வாடா சேகரு! இன்னாடா இப்டி எளச்சிப் போய்ட்ட! அந்தூர்ல சோறு கீறு துன்றியா இல்லியா?" என்று கன்னத்தைப் பிடித்தாள். கயல் பின்னாலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் வெண்ணிலா எசன்ஸ் வாசனை. கறுத்திருந்தாள், சதை போட்டிருந்தாள், கண்ணில் ஒரு தெளிவு இருந்தது. இங்கே கடைசி வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. சிரிப்பாக மாற்றிக்கொண்டேன்.

பெட்டியைப் பிரித்து மெஷினை மேடைமேல் வைத்தேன். "ஹை, நீலம்!" என்றாள் கயல். அப்பாடா என்றிருந்தது. தலையைச் சாய்த்துக் காட்டப் போனேன், மேலே இருந்த அலமாரிப் பலகையில் அது இடித்து நின்றது. அக்கா இதற்குள் பூஜை மாடத்திலிருந்து மஞ்சள், குங்குமக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். எங்கள் வீடுகளில் இது கட்டாயம். சைக்கிளோ, தையல் மெஷினோ, எது வந்தாலும் மூன்று பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கின பிறகுதான் ஓட்ட விடுவார்கள். பொட்டு வைத்துவிட்டால் அது நம் வீட்டு உருப்படி. அப்புறம் கடைக்காரன்கூடத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டான்.

கயல் மெஷினைச் சாய்த்து அடியில் வோல்ட் போட்டு ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, மேடைக்கடியில் நான் தள்ளிவைத்திருந்த டிரான்ஸ்பார்மரைப் பார்த்தாள். பிறகு அக்காவின் கையை மெல்லப் பிடித்தாள்.

"அத்தை, இதுக்குப் பொட்டு வைக்காதீங்க."

"ஏன் கண்ணு? புது மிஷினு, வெறும் நெத்தியா கீது பாரு."

"வேணாம் அத்தை. இது இங்க இருக்கப்போறது இல்ல. திரும்பிப் போவும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இல்லம்மா, ஓடும், டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று அவசர அவசரமாக ஒயரை இழுத்து, செருகி, சுவிட்சைப் போட்டேன். ஓடியது. நன்றாகவே ஓடியது. கம்பிக் கூடு வெறும் பாத்திரத்தில் கடகடவென்று சுற்றியது, டிரான்ஸ்பார்மர் தரையில் உறுமியது.

"பார்த்தியா, ஓடுதுல்ல?"

"ஓடுதுப்பா" என்றாள் கயல். "ஆனா இத நீங்க எனக்கு வாங்கல. திரும்பி அங்க வர்ற ஒரு கயலுக்கு வாங்கியிருக்கீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு எனக்குக் காபி போட அடுப்பைப் பற்ற வைத்தாள். 

5

நினைவு நாளன்று வழக்கம்போல் படையல். அப்பா வயல் கூலியாக இருந்து, பிறகு திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றி இறக்கி எங்களைப் படிக்க வைத்தவர். அவர் படத்துக்கு முன்னால் மீன் குழம்பு, வறுவல், வடை, ஒரு புது வேட்டி. கயல் ஒரு கேக்கைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தாள். முட்டை போட்ட கேக்கைப் படையலில் வைக்கலாமா என்று எனக்கு ஒரே சந்தேகம்.

"மீனே துன்றாரு, முட்டை துன்ன மாட்டாரா? நீ சும்மா குந்து" என்று அக்கா என்னை அடக்கிவிட்டாள்.

அந்த நாட்களில் வேறு வேலை இல்லாமல் கயல் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீல மெஷின் ஒரு மூலையில் துணி போர்த்தி இருந்தது. இவள் கிரீம் அடிக்கிற பாத்திரத்தை முன்கூட்டியே பிரிட்ஜில் வைத்துக் குளிரவைப்பாள். நம்மூர் வெக்கையில் அப்படிச் செய்யாவிட்டால் கிரீம் நிற்காதாம், தண்ணியாகிவிடுமாம். பிறகு கை பீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது சூடாகி நின்றால் காத்திருப்பாள், மறுபடி அடிப்பாள். நடுநடுவே தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். வாசலில் யாராவது "கயலக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெண் வந்து பையன் பிறந்தநாளுக்கு ரயில் வண்டி மாதிரி கேக் வேண்டும் என்றாள். இன்ஜின் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வெகுநேரம் தீவிரமாகப் பேசினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போனதும் கேட்டுவிட்டேன்.

"இங்க என்னம்மா இருக்கு? இந்த ஊரை விட்டுப் போகணும்னு நான் நாயா அலைஞ்சேன். உனக்கு நல்லா இருக்கணும்னுதானே போனேன்? நீ என்னடான்னா நான் கிளம்பின இடத்துலயே வந்து உக்காந்துகிட்டிருக்க."

"நல்லாதான்ப்பா இருக்கேன்."

"அதான் எப்படின்னு கேக்கறேன். எனக்குப் புரியல கயல். சத்தியமா புரியல."

அவள் பீட்டரை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அங்க யாரைப் பார்த்தாலும், நீ எந்த ஊர்னு கேப்பாங்க. பிராம்ப்டன்னா, இல்ல, நெஜமா எந்த ஊர்னு திருப்பிக் கேப்பாங்க. இங்கயும் கேக்கறாங்கப்பா. ஆனா, ராணிக்காவோட தம்பி பொண்ணுன்னு சொன்னா, அப்டியா, சரின்னு போய்ட்டே இருக்காங்க. அவ்ளோதான். அப்புறம் கேக் எவ்ளோன்னு கேப்பாங்க."

  அங்கே எனக்கும் அதே கேள்விதான், இத்தனை வருடமாக ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மகளுக்கு அது வலித்திருக்கும் என்று தோன்றியதே இல்லை. பழகிக்கொள்வாள் என்று நினைத்துவிட்டேன்.

"அம்மாவ நினைச்சாதான் கஷ்டமா கீது" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

6

கடைசியில் மூன்று பேருமாக அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். பேக்கரிச் சாமான் விற்கிற கடை. வீட்டுக்கு வாங்குகிற சின்ன மெஷினும் இருந்தது, தொழிலுக்கு வாங்குகிற பெரியதும் இருந்தது. இங்கும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. வாட் என்கிறார்கள், லிட்டர் என்கிறார்கள், பல்சக்கரம் இரும்பா பிளாஸ்டிக்கா என்கிறார்கள். வாட் கூடினால் வலு கூடுமா என்று கேட்டேன். அப்படியும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம் என்றார் கடைக்காரர். நல்ல மனிதர், ஆனால் என்னை இன்னும் குழப்பிவிட்டார்.

முடிவில் இரண்டு மெஷின்கள் மிஞ்சின. ஒன்று ஐந்து லிட்டர், பிளாஸ்டிக் உடம்பு, ஒரு கையால் தூக்கலாம். இன்னொன்று ஏழு லிட்டர், முழுக்க இரும்பு. தலை சாயாது, பாத்திரம்தான் ஏறி இறங்கும். அக்கா வீட்டு அலமாரிப் பலகைக்கு அதுதான் சரி. ஆனால் ஆள் இரண்டு பேர் வேண்டும் தூக்க.

"எத்தினி கிலோ கேக் போடறீங்க ஒரு நாளைக்கி?" என்று கடைக்காரர் கயலைக் கேட்டார். அவள் சொன்னாள். நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். "அப்டின்னா சின்னது தாங்காதும்மா. சீக்கிரம் மோட்டார் போய்டும்" என்றார்.

கயல் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் பொம்மைக் கடையில் விலைச் சீட்டைப் படித்துவிட்டு இப்படித்தான் பார்ப்பாள்.

"சின்னதே போதும்ப்பா" என்றாள். "எங்க வேணா எடுத்துகினு போலாம்."

பொய். எனக்காகச் சொல்கிற பொய். சின்னதை வாங்கினால் நானும் நம்பிக்கொண்டு விமானம் ஏறலாம், மல்லிகாவிடமும் சின்னதுதான் வாங்கியிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் இரண்டு பேரும் இன்னொரு வருடம் பயப்படாமல் இருக்கலாம். இவள் மட்டும் அது சூடாகி நிற்கும்போதெல்லாம் தோளைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

அக்கா வேறு பெரிய பாத்திரத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, "இது நம்ம பிரிஜ்ல போவுமா?" என்று யோசித்தாள். "மீன் வைக்கிற தட்ட எட்த்துட்டா போவும். போவலன்னா மீன நான் அன்னிக்கன்னிக்கி வாங்கிக்கினு போறேன். நீ இன்னாடா சேகரு வாயத் தொறக்காம நிக்கிற? நீதான வாங்கித் தர்ற, நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிடங்கில் தினமும் நூறு முடிவு எடுக்கிறவன், இங்கே ஒரு மெஷினைக் காட்டிக் கை நீட்ட முடியாமல் நின்றேன். 

"பெருசையே எடுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "பெருசு. திருநின்றவூர்ல கொண்டுவந்து இறக்கிக் கொடுத்துடுங்க."

கயல் கடையிலேயே அழுதுவிட்டாள். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "டெலிவரி ப்ரீதாம்மா" என்று சமாதானம் சொன்னார்.

மறுநாள் வண்டியில் வந்து இறங்கியது. நானும் வண்டிக்காரரும் பிடித்து மாடி ஏற்றினோம். அக்கா கிண்ணத்தோடு வந்தாள். வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நீ வைடா." குங்குமத்தைத் தொட்டு வைத்தேன். மூன்றும் கோணல். 

7

நீல மெஷினைப் பழையபடி பெட்டியில் போட்டுக்கொண்டேன். டிரான்ஸ்பார்மரை மட்டும் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன், அவருக்கு எதற்கோ உபயோகப்படுமாம். விமானம் முழுக்க மல்லிகாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் செய்தது சரியா? பெற்ற பெண்ணை என் கையாலேயே பொட்டு வைத்து அங்கே விட்டுவிட்டேனா? அல்லது அவள் எப்போதோ எடுத்த முடிவுக்கு நான் மெஷின் தூக்கினேனா? இப்போது இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் தேவலை.

வெளியே வரும் வாசலில் மல்லிகா நின்றிருந்தாள். கண் என்னைப் பார்க்கவில்லை, தள்ளுவண்டியைப் பார்த்தது. போகும்போது அவளே டேப் ஒட்டிக்கொடுத்த பெட்டி.

"அவளக் கூட்டிட்டு வருவீங்கன்னு பார்த்தா, மெஷினக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

 கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியை நான் சுரண்டி முடித்து உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

"அங்க வேற வாங்கிக் கொடுத்தீங்களா?"

"வாங்கிக் கொடுத்தேன்."

"பெருசா?"

"பெருசுதான். ரெண்டு பேர் பிடிச்சுதான் மாடி ஏத்தினோம்."

நான் எதிர்பார்த்தது சண்டையை. அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்ப அது இங்க வராது" என்றாள்.

"வராது மல்லிகா."

"அப்ப நாமதான் போகணும். எனக்கு எப்ப லீவு கிடைக்கும்னு நாளைக்குக் கேக்கறேன். நீங்க வண்டிய எடுங்க."